நீர்மட்டக் கண்ணாடி: சங்கத்துப் பாய்லரின் கண்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது நமது தொழில். ஒரு சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தைத் திறந்தவுடன் நாம் முதலில் நோக்குவது, கையிருப்பு எவ்வளவு என்பதையன்று. அக்கையிருப்பு நாளுக்கு நாள் மாறி வந்திருக்கின்றதா என்பதையே. வரவும் செலவும் நடைபெறும் சங்கத்தில் கையிருப்பு ஒரே தொகையாக நிற்க இயலாது. அவ்வாறு நிற்குமாயின், புத்தகத்தை மூடிவிட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். இது நமது தொழிலின் முதற்பாடம். இப்பாடம் பாய்லருக்கும் பொருந்தும் என்பதை ஒரு நெசவாளர் சங்கத்துச் சாயச்சாலையிலே நாம் கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அச்சங்கத்தின் நூலிருப்பையும் சாயப்பொடி இருப்பையும் சரிபார்க்கச் சென்றிருந்தோம். சாயத்தொட்டிகளுக்கு நீராவி தரும் பாய்லர் பின்கட்டில் விறகில் எரிந்துகொண்டிருந்தது. அதன் முகப்பில் இருந்த கண்ணாடிக் குழாயில் நீர் சரிபாதி உயரத்தில் நின்றது. பாய்லரைக் கவனித்தவர் மிகுந்த பெருமையுடன், “ஐயா, பதினைந்து நாளாய்த் தண்ணீர் இந்தக் கோட்டை விட்டு ஒரு நூலும் அசையவில்லை” என்றார். நாமும் அதனைக் கேட்டு மகிழ்ந்தோம். நமது அறிவு அன்று அவ்வளவே.

அன்று பிற்பகல், பம்பைப் பழுது பார்ப்பதற்காகப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து முதியவரான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் அந்தப் பெருமையைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல், கண்ணாடியின் அடியிலிருந்த வடிகால் காக்கைத் திறந்தார். கண்ணாடியில் இருந்த நீர் வடிந்தது. காக்கை மூடினார். நீர் திரும்பி ஏறவேயில்லை. உடனே தீயை அணைக்கச் சொன்னார். மறுநாள் பாய்லர் ஆறிய பின் மேல்மூடியைத் திறந்து பார்த்தபோது, கண்ணாடிக்கு நீர் வரும் வழி முழுவதும் சுண்ணாம்புப் படிவால் அடைபட்டிருந்தது. பாய்லரின் உள்ளே, தீக்குழாய்களின் உச்சிக்கு மேல் இரண்டு விரற்கடை நீரே எஞ்சியிருந்தது. அப்பாய்லரின் சுவருக்கு அப்பால், முந்தின நாள் முழுவதும் ஒன்பது பேர் நூல் உலர்த்திக்கொண்டிருந்தனர்.

அன்று முதல், பாய்லர் உள்ள சங்கம் எதற்குச் சென்றாலும் இக்கண்ணாடியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டோம். சாயச்சாலை, நூலுக்குக் கஞ்சி போடும் சாலை, நெல் புழுக்கும் ஆலை, கரும்பு ஆலை ஆகிய எல்லாவற்றிலும் நீராவி வேலை செய்கிறது. அவற்றின் சொந்தக்காரர்கள் சங்க அங்கத்தினர்களே. ஆகவே இச்சிறு கருவியின் இயல்பை அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

கண்ணாடி மட்டம் காட்டுவது எவ்வாறு?

ஒன்றோடொன்று அடியில் இணைந்த இரண்டு பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஏரியில் நீர் ஏறினால் அதனோடு வாய்க்கால் வழியே இணைந்த குட்டையிலும் ஏறுவதை விவசாயிகள் அறிவார்கள். நீர்மட்டக் கண்ணாடி இந்த இயற்கை விதியைக் கொண்டே அமைக்கப்பட்டது.

கண்ணாடிக் குழாயின் மேல்முனை, பாய்லரில் நீராவி நிற்கும் பகுதியோடு இணைக்கப்பட்டிருக்கும். கீழ்முனை நீர் நிற்கும் பகுதியோடு இணைந்திருக்கும். மேல் இணைப்பில் நீராவிக் காக்கும், கீழ் இணைப்பில் நீர்க் காக்கும், அவற்றிற்கும் அடியில் வடிகால் காக்கும் என மூன்று காக்குகள் உண்டு. மேலே நீராவியின் அழுத்தம் இரு பக்கமும் சமமாக இருப்பதால், உள்ளே நீர் எங்கு நிற்கிறதோ, ஏறத்தாழ அங்கேயே கண்ணாடியிலும் நிற்கும்.

‘ஏறத்தாழ’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாய்லரின் உள்ளிருக்கும் நீர் மிகச் சூடானது; ஆகவே விரிந்து இலேசாகியிருக்கும். கண்ணாடியில் உள்ள நீர் வெளிக்காற்றுப் பட்டுச் சற்று ஆறியிருப்பதால் கனமானது. கனமான நீர் சிறிது தாழ்ந்தே நிற்கும். எனவே நல்ல நிலையில் உள்ள கண்ணாடி, உண்மை மட்டத்தைவிடச் சிறிது குறைத்தே காட்டும். இக்குறைவு நமக்குத் தீங்கு செய்வதன்று. எச்சரிக்கைப் பக்கமே நிற்பது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. உள்ளே நீர் ஓயாது கொதிக்கிறது, நீராவி எடுக்கப்படுகிறது, பம்பு நீர் ஏற்றுகிறது. ஆதலால் நலமுள்ள கண்ணாடியில் நீர் எப்போதும் மெல்ல ஏறியிறங்கி ஆடிக்கொண்டிருக்கும். ஆடாத நீர் ஐயத்திற்குரியது.

நீர் குறைந்தால் நேர்வது என்ன?

நமது சங்கங்களில் பெரும்பாலும் உள்ளவை, தீயும் புகையும் குழாய்களின் உள்ளே செல்ல, நீர் அக்குழாய்களைச் சூழ்ந்து நிற்கும் வகைப் பாய்லர்கள். தீயின் வெப்பம் எவ்வளவு கடுமையாயினும், இரும்பைச் சுற்றி நீர் இருக்கும்வரை அதன் சூடு நீரின் சூட்டைவிட மிகுதியாக உயராது. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் அந்நீரின் சூடு ஏறத்தாழ 170 டிகிரி சென்டிகிரேடு. இது இரும்புக்கு ஒரு பொருட்டன்று.

நீர்மட்டம் இறங்கிக் குழாயின் உச்சி வெளிப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. வெப்பத்தை வாங்கிச் செல்ல நீர் இல்லாமையால் அவ்விடத்து இரும்பு சில நிமிஷங்களில் செந்நிறம் அடையும். செந்நிறம் அடைந்த இரும்பு தன் வலிமையில் பெரும் பகுதியை இழந்துவிடுகிறது. அழுத்தமோ குறையவில்லை. தீயறை உட்புறமாக நசுங்கும், அல்லது கிழியும்.

கிழிந்தவுடன் நடப்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உள்ளிருந்த நீரின் அழுத்தம் திடீரென அற்றுப் போவதால், 170 டிகிரியில் இருந்த அந்நீரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அக்கணமே நீராவியாகிறது. ஆயிரம் கிலோ நீரிலிருந்து சுமார் 130 கிலோ நீராவி எழும். அது விரிந்து அடங்க 200 கன மீட்டருக்கு மேற்பட்ட இடம் வேண்டும். பாய்லர் வீட்டில் அவ்வளவு இடம் ஏது? சுவரும் கூரையும் வழிவிட வேண்டியதுதான். பாய்லர் வெடிப்பு என்பது இதுவே.

நீர் மிகுந்தாலும் கேடு உண்டு. ஆனால் உயிருக்கு அவ்வளவு அண்மையானதன்று. மட்டம் மிக உயர்ந்தால் நீராவியோடு நீரும் குழாயில் ஓடும். குழாய்களில் சம்மட்டியடி போன்ற அதிர்ச்சி உண்டாகும். பாய்லர் நீரில் கலந்துள்ள காரம் சாயத்தொட்டியிற் சேர்ந்து, ஒரு பாவுக்கும் மறு பாவுக்கும் நிறம் வேறுபடவும் கூடும். சாயக்காரரைக் குறை கூறுமுன் பாய்லரையும் பார்க்க வேண்டும்.

கண்ணாடி பொய் சொல்லும் விதங்கள்

அங்கத்தினர்கள் மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுவே.

முதலாவது: கீழ்வழி, அதாவது நீர் வரும் வழி அடைபட்டால், கண்ணாடியில் ஏற்கெனவே இருந்த நீர் அங்கேயே சிறைப்பட்டு நிற்கும். பாய்லரில் நீர் இறங்கினாலும் கண்ணாடியில் இறங்காது. அன்றியும், மேலிருந்து வரும் நீராவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக நீராகி அதனோடு சேரும். ஆகவே மட்டம் மெல்ல ஏறவும் செய்யும்.

இரண்டாவது: மேல்வழி, அதாவது நீராவி வரும் வழி அடைபட்டால், கண்ணாடியின் மேற்பகுதியில் அகப்பட்ட நீராவி குளிர்ந்து சுருங்கும். அங்கே அழுத்தம் குறையும். பாய்லரின் அழுத்தம் கீழிருந்து நீரை மேலே தள்ளும். கண்ணாடி நிறைந்து காணும்.

மூன்றாவது: மேல் இணைப்பில் வாஷர் தேய்ந்து நீராவி கசிந்தாலும், அங்கே அழுத்தம் குறைந்து நீர் உயர்ந்தே தோன்றும்.

வடிகால் காக்கோ கீழ் இணைப்போ கசிந்தால் மட்டுமே கண்ணாடி குறைத்துக் காட்டக் கூடும்.

இவற்றிலிருந்து தெரிவது யாது? அடைப்பு எப்பக்கம் ஏற்பட்டாலும், கண்ணாடி ‘நீர் இருக்கிறது’ என்றே சொல்கிறது. ‘நீர் இல்லை’ என்று சொல்லி நம்மை விழிக்க வைப்பதில்லை. நீர் குறையும் வேளையிலேயே நிறைவைக் காட்டித் தூங்க வைக்கிறது. பொருளாளர் ஒருவர் பணம் குறையும்போதெல்லாம் கையிருப்பு மிகுதி என்றே எழுதி வந்தால் சங்கம் எந்நிலை எய்தும்? ஆகையால் கண்ணாடியைப் பார்த்தல் வேறு, சோதித்தல் வேறு. பார்த்தல் மட்டும் போதாது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீரே. நமது கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. அதில் கரைந்துள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சூட்டினால் படிவாகப் பிரிந்து, குறுகிய வழிகளில் ஒட்டிக்கொள்ளும். சேறும் தேய்ந்த வாஷரின் துணுக்குகளும் அதனோடு சேரும். ஆகவே நீரை மென்மையாக்கிப் பாய்லருக்குக் கொடுப்பதும், பாய்லரின் அடிச்சேற்றை முறையாக வெளியேற்றுவதும் கண்ணாடியைக் காக்கும் முதல் வேலையாகும்.

இன்னுமோர் ஏமாற்றும் உண்டு. முழுதும் நிறைந்த கண்ணாடிக் குழாயும், முழுதும் வெறுமையான கண்ணாடிக் குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இதற்காகவே குழாயின் பின்புறம், வெண்மை கறுப்பாகச் சாய்வுக் கோடுகள் தீட்டிய தகடு வைப்பது வழக்கம். நீர் உள்ள பகுதியில் இக்கோடுகள் எதிர்த்திசையில் சாய்ந்தவைபோலத் தோன்றும். நீரில்லாத பகுதியில் உள்ளபடியே தோன்றும். சில பாய்லர்களில் குழாய்க்குப் பதிலாக, உட்புறம் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய தட்டைக் கண்ணாடி இருக்கும். அதில் நீர் உள்ள பகுதி கறுப்பாகவும் நீராவி உள்ள பகுதி வெள்ளியைப் போலப் பளபளத்தும் தெரியும். எவ்வகையாயினும், கண்ணாடியும் தகடும் தூய்மையாக இருப்பதும், அவ்விடத்தில் நல்ல விளக்கு இருப்பதும் இன்றியமையாதவை.

நாள்தோறும் செய்ய வேண்டிய சோதனை

இச்சோதனைக்கு இரண்டு நிமிஷமே பிடிக்கும். காலையில் வேலை தொடங்கும்போதும், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் இதனைச் செய்தல் வேண்டும். இரண்டு கண்ணாடிகளும் வெவ்வேறு மட்டம் காட்டினாலும், நீர் ஆடாமல் நின்றாலும், புதுக் கண்ணாடி பொருத்திய பின்னும் உடனே செய்தல் வேண்டும். கடின நீர் உள்ள ஊர்களில் இன்னும் அடிக்கடி செய்வது நலம். செய்பவர் கண்ணாடிக்கு நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். வடிகால் குழாயின் வாய் ஆள் நடமாடும் பக்கம் நோக்கி இருத்தல் கூடாது.

1. நீர்க் காக்கை மூடி, வடிகால் காக்கைத் திறக்கவும். நீராவி மட்டும் பலமாகச் சீறி வர வேண்டும். வந்தால் மேல்வழி சுத்தம்.

2. நீராவிக் காக்கை மூடி, நீர்க் காக்கைத் திறக்கவும். நீர் வேகமாகப் பாய வேண்டும். பாய்ந்தால் கீழ்வழி சுத்தம். வெளிவந்தவுடன் இந்நீரில் ஒரு பகுதி ஆவியாகிப் புகைவதால், இதனை நீராவி எனத் தவறாகக் கொள்ளலாகாது. வடிகாலின் ஈரத்தையும் ஓசையையும் கொண்டு வேறுபாடு அறியலாம். பழகிய காதுக்கு இது எளிது.

3. வடிகால் காக்கை மூடவும். நீர் கண்ணாடியின் உச்சிவரை விரைந்து ஏற வேண்டும்.

4. நீராவிக் காக்கைத் திறக்கவும். நீர் உடனே தன் மட்டத்திற்கு இறங்கி, அங்கே ஆட வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும் விரைவாக நிகழ வேண்டும் என்பதை மறவாதீர்கள். நீர் சோம்பி ஏறினால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். அது முற்றும்வரை காத்திராமல், அன்றைய வேலை முடிந்து பாய்லர் ஆறிய பின் வழிகளைக் கம்பி விட்டுத் துடைக்கச் செய்ய வேண்டும்.

முடிவில் காக்குகளின் கைப்பிடிகளைப் பார்க்க வேண்டும். இவ்விஷயத்தில் ஒரு விசேஷம் உண்டு. வீட்டுக் குழாய்களில் கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்பது நாம் அறிந்த வழக்கம். நீர்மட்டக் கண்ணாடியின் பழைய முறைக் காக்குகளிலோ, மூன்று கைப்பிடிகளும் செங்குத்தாகக் கீழ்நோக்கித் தொங்குவதே வேலை செய்யும் நிலை. அந்நிலையில் மேலிரண்டும் திறந்திருக்கும், வடிகால் மூடியிருக்கும். பாய்லரின் அதிர்ச்சியினால் கைப்பிடி தளர்ந்து தானே தொங்கினாலும் தீங்கு நேராதிருக்க இவ்வாறு அமைத்தனர். புதியவர் ஒருவர் இதனை அறியாமல் வீட்டுக் குழாயைப் போலத் திருப்பி வைத்துவிட்டால், அவரே இரு வழிகளையும் அடைத்தவராவார். உங்கள் பாய்லரின் அமைப்பு எது என்பதைக் கேட்டறிந்து, ‘திறப்பு’, ‘மூடல்’ என்று தமிழில் எழுதி அருகில் மாட்டச் செய்யுங்கள்.

நீர் தெரியாவிட்டால்

சோதனைக்குப் பின்னும் கண்ணாடியில் நீர் தென்படவில்லையாயின், பாய்லரில் நீர் அபாய மட்டத்திற்குக் கீழே போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். அப்போது எவர்க்கும் தோன்றும் முதல் எண்ணம், பம்பை ஓட்டி நீர் ஏற்றுவோம் என்பது. அது தவறு. செந்நிறமான இரும்பின்மேல் நீர் பட்டால், இரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கும். நீராவியும் பெருகி எழும்.

செய்ய வேண்டியவை இவை: எரிபொருள் போடுவதையும் காற்று விசிறியையும் உடனே நிறுத்துக. விறகு அல்லது உமித் தீயாயின், கிளறாமல் ஈரச் சாம்பலால் மூடி அடக்குக. நீர் ஏற்றாதீர். நீராவி வால்வைத் திடீரெனத் திறக்கவோ மூடவோ வேண்டாம். பாதுகாப்பு வால்வைத் தூக்க வேண்டாம். அங்குள்ள அனைவரையும் அப்பால் அனுப்புக. பாய்லர் தானே ஆறட்டும். தகுதி பெற்றவர் உள்ளே சோதித்துப் பார்த்த பின்னரே மறுபடியும் தீ மூட்டலாம். ஒருநாள் வேலை கெட்டது என்று காரியதரிசி வருந்தலாம். ஒருநாள் வேலையோடு போயிற்றே என்று மகிழ வேண்டும்.

கண்ணாடி மாற்றும் முறை

கண்ணாடியும் தேயும் பொருளே. சூடும் காரமும் உள்ள நீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உட்புறம் மங்கி வெளுத்தாலும், கீறலோ மெலிவோ தென்பட்டாலும், முனைகளில் வெடிப்புக் கண்டாலும், உடையும்வரை பொறுத்திராமல் மாற்றிவிட வேண்டும். கண்ணாடியைச் சூழ்ந்து கனத்த பாதுகாப்புக் கண்ணாடிக் கூடு இருப்பது, உடைந்த துணுக்குகள் முகத்தில் பாயாதிருப்பதற்கே. துடைக்க வசதியில்லை என்று அக்கூட்டைக் கழற்றி மூலையில் வைத்திருப்பதை நாம் சில இடங்களில் கண்டிருக்கிறோம். அது பெருந் தவறு.

மாற்றும்போது கண்ணுக்குக் காப்பும் கைக்கு உறையும் அணிதல் வேண்டும். முதலில் மேலிரு காக்குகளையும் மூடி, வடிகாலைத் திறந்து, உள்ளிருக்கும் அழுத்தம் முற்றும் நீங்கியதை உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய கண்ணாடியையும் பழைய வாஷர்களின் துணுக்குகள் அனைத்தையும் அகற்ற வேண்டும். ஒரு துணுக்கு தங்கினாலும் அதுவே நாளைய அடைப்பு. பழைய வாஷர் கல்நாரினால் ஆனதாயின், உலரச் சுரண்டித் தூளைச் சுவாசிக்கலாகாது. அது நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்து எடுத்து, மூடிய பையில் இட வேண்டும்.

புதுக் கண்ணாடி பாய்லர் அழுத்தத்திற்கென்றே செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். கடையிற் கிடைக்கும் ஏதோ ஒரு கண்ணாடிக் குழாய் உதவாது. மேல் கீழ் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கோணலாயின் எத்தனை கண்ணாடி போட்டாலும் உடையும். கண்ணாடியின் முனை இரும்பைத் தொடாமல், சூட்டில் நீளுவதற்குச் சிறிது இடைவெளி வேண்டும். நட்டுகளைக் கையால் முறுக்கி, பின்னர் ஸ்பானரால் சிறிதளவே இறுக்க வேண்டும். கசிகிறதே என்று அழுத்தம் உள்ளபோது மேலும் மேலும் முறுக்கிக் கண்ணாடியை உடைத்தவர்கள் பலர்.

இறுதியாக, சூடேற்றுதல். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் பாய்ந்தால் விரிசல் காணும். ஆகவே வடிகாலைத் திறந்து வைத்து, நீராவிக் காக்கை மட்டும் மிகச் சிறிதே திறந்து, சில நிமிஷங்கள் மெல்லிய நீராவி ஓடவிட வேண்டும். கண்ணாடி முழுதும் சூடேறிய பின் வடிகாலை மூடி, நீர்க் காக்கை மெல்லத் திறந்து, பிறகு இரண்டையும் முழுதும் திறக்கலாம். பின்னர் மேற்கூறிய நான்கு சோதனைகளையும் செய்து முடிக்க வேண்டும்.

பிற கலங்களின் கண்ணாடிகள்

மட்டக் கண்ணாடி பாய்லருக்கு மட்டும் உரியதன்று. எண்ணெய்த் தொட்டி, காஸ்டிக் சோடாக் கரைசல் தொட்டி, சுடுநீர்த் தொட்டி ஆகியவற்றிலும் உண்டு. காஸ்டிக் கரைசல் கண்ணாடியை அரிப்பதால் அதனை அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். எண்ணெய், காஸ்டிக் தொட்டிகளில், மட்டம் பார்க்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் காக்குகளை மூடி வைத்தல் நலம். தவறி ஒரு தடி பட்டுக் கண்ணாடி உடைந்தால் தொட்டி முழுவதும் தரையில் ஓடிவிடும் அன்றோ? பாய்லரிலோ இதற்கு நேர் மாறாக, காக்குகள் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இவ்வேறுபாட்டை வேலையாட்களுக்கு நன்கு உணர்த்த வேண்டும்.

இந்நாளில் மட்டத்தை மின்கருவிகள் காட்டுகின்றன. நீர் குறைந்தால் தாமே தீயை நிறுத்தும் கருவிகளும் வந்துள்ளன. இருக்க, கண்ணாடியைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். அவர்களுக்கு மறுமொழியாக ஓர் அயல்நாட்டு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

அமெரிக்க நாட்டில் டெக்ஸஸ் சிட்டி என்னும் ஊரிலுள்ள பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 2005ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் ஒரு கோபுரக் கலத்தில் திரவம் நிரப்பிக்கொண்டிருந்தனர். கோபுரத்தின் உயரம் 170 அடி. திரவம் நிற்க வேண்டியது அடியில் சில அடி உயரமே. அன்று அது 150 அடிக்கும் மேலே ஏறிவிட்டது. மட்டம் காட்டும் மின்கருவியோ, திரவம் பத்தடிக்கும் கீழே நிற்பதாகவும், மெல்ல இறங்கி வருவதாகவும் காட்டிக்கொண்டிருந்தது. ஐயம் தீர்க்கக் கலத்தின் பக்கத்தில் கண்ணாடி ஒன்று இருக்கத்தான் இருந்தது; ஆனால் அது அழுக்கேறி, உள்ளே ஒன்றும் தெரியாத நிலையில் இருந்தது. திரவம் வழிந்து வெளியேறித் தீப்பற்றி வெடித்தது. 15 பேர் இறந்தனர்; 180 பேர் காயமுற்றனர். இறந்த அனைவரும், அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அறைகளிலும் அவற்றின் பக்கத்திலும் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். கலத்தின் மட்டத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமே இல்லை. நாம் சென்ற சாயச்சாலையில் சுவருக்கு அப்பால் நூல் உலர்த்தியவர்களைப் போன்றவர்களே அவர்கள்.

மின்கருவி வேண்டாம் என்பது நமது கருத்தன்று. அக்கருவி தவறினால் அதனைத் திருத்தக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி தவறினால் அதனைத் திருத்தச் சோதனை வேண்டும். தீயை நிறுத்தும் கருவியின் மிதவைக் கூட்டிலும் சேறு படியும். அதனையும் கண்ணாடியைப் போலவே முறையாகத் திறந்துவிட்டுச் சோதித்தாக வேண்டும்.

சட்டமும் சங்கமும்

நமது நாட்டில் 1923ஆம் ஆண்டின் இந்தியப் பாய்லர் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் பாய்லர் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு மே 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பாய்லரைப் பதிவு செய்தல், பாய்லர் ஆய்வாளரின் பார்வைக்கு உட்படுத்திச் சான்றிதழ் பெறுதல், சான்றிதழின் காலம் முடியுமுன் புதுப்பித்தல், தகுதிச் சான்று பெற்றவரைக் கொண்டே இயக்குதல் ஆகியவை சங்கத்தின் கடமைகள். நீர்மட்டம் காட்ட ஒன்றன்று, இரண்டு வழிகள் இருக்க வேண்டும் என்பதும் விதியாகும். ஒன்று பொய்த்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் நோக்கம். இரண்டில் ஒன்றை ‘உபரி’ என்று மூடி வைத்துள்ள சங்கம், விதியையும் மீறி, தன் சாட்சியையும் தானே இழக்கிறது.

ஆய்வாளர் வருவது ஆண்டில் ஒருநாள். மற்ற நாட்கள் எல்லாம் சங்கத்தினுடையவை. ஆகவே நிர்வாகக் குழுவினர்க்குச் சில யோசனைகளைச் சொல்லி முடிக்கிறோம்.

பாய்லர் வீட்டில் ஒரு குறிப்பேடு வைக்கச் செய்யுங்கள். கண்ணாடி சோதித்த நேரம், கண்ட நிலை, சோதித்தவர் கையெழுத்து என மூன்று பத்தி போதும். காரியதரிசி வாரம் ஒருமுறையேனும் அங்கே சென்று, தம் கண்ணெதிரே சோதனை செய்து காட்டச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். குழுக் கூட்டத்தில் ரொக்க இருப்பைப் படிக்கும்போதே இக்குறிப்பேட்டையும் படிக்க வேண்டும். பொருத்தமான கண்ணாடியும் வாஷர்களும் குறைந்தது இரண்டு ஜதை கையிருப்பில் இருக்கட்டும். பாய்லரைக் கவனிப்பவர் ஐயம் கொண்டு தீயை நிறுத்தினால், பாவு கெட்டது, நெல் கெட்டது என்று அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை கடிந்துகொண்டால், அடுத்த முறை ஐயம் வந்தாலும் அவர் தீயை நிறுத்தமாட்டார்.

நாம் முதலிற் சொன்ன சாயச்சாலைக்கு மறு ஆண்டும் சென்றோம். அதே ஊழியர்தாம் இருந்தார். ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து முடித்ததும் அவரே நம்மைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, பக்கவாட்டில் நின்று, நான்கு சோதனைகளையும் வரிசையாகச் செய்து காட்டினார். நீர் உச்சிக்கு ஏறி, விரைந்து இறங்கி, தன் மட்டத்தில் ஆடிற்று. “ஐயா, இப்போது அசைகிறது” என்றார். குறிப்பேட்டில் நாமும் கையெழுத்திட்டு வந்தோம்.